கழுவ முடியாத காகிதம்

எழுபதுகளில் ஒரு தடவை, கண்டனூரில் ஒரு பெரிய வீட்டில் பத்து நாள் தங்கி எழுத என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டுக்காரர்கள் மெட்ராஸில் இருந்தார்கள். கல்யாணம், திருவிழா என்றால்தான் வந்து கதவைத் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கிற வீட்டில் நாலு எழுத்தாளர்கள் உட்கார்ந்து எழுதினால் நல்ல காரியம்தானே என்று அந்தக் குடும்பத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. நாலு பேரில் நான் ஒருத்திதான் பெண். மற்ற மூன்று பேரும் வந்த அன்றைக்கே, 'ஆகா, என்ன அமைதி, என்ன அமைதி' என்று வீடு அதிரச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கொடுத்தது மாடியில் முன்பக்கத்து அறை. தேக்கு மேஜை, மேஜை விசிறி, கலர்க் கண்ணாடி பதித்த ஜன்னல், எல்லாம் இருந்தது. அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து பேனாவுக்கு மை ஊற்றினேன், துடைத்தேன், மூடி வைத்தேன். ஒரு வரி வந்தபாடில்லை. ரெண்டு மூன்று நாள் இப்படியே போனதும், வீட்டைச் சுற்றிப் பார்க்கிற சாக்கில் பின்பக்கம் போனேன். வீட்டின் கடைசிக் கட்டையும் தாண்டி, விறகு அடுக்கியிருந்த இடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை இருந்தது. ஜன்னல் என்று பேருக்கு ஒரு ஓட்டை. உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மனசில் ஏதோ இளகிக் கொடுத்தது. மாடிக்கு ஓடிப்போய்க் காகிதத்தை எடுத்துவந்து, அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டு எழுத ஆரம்பித்துவிட்டேன்.

வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் விறகெடுக்க வந்தவர், என்னைப் பார்த்துப் பதறிப்போனார்.

"என்னம்மா இங்க வந்து ஒக்காந்திருக்கீக? இது வீட்டுக்குத் தூரமான பொம்பளைக ஒதுங்குற எடம்மா. எந்திரிச்சு அங்குட்டு வாங்க."

இங்கே காற்று நன்றாக வருகிறது என்றேன். ஈ கூட வராத அறை அது. அவர் என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தானாக ஒன்றைப் புரிந்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, "அப்பச் சரிம்மா" என்று போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு அந்த அறை வாசற்படிக்கே வந்தது. மற்ற மூன்று எழுத்தாளர்களுக்கும் எப்படியோ விஷயம் போய், என்னோடு பேசும்போது தூணைப் பார்த்துப் பேசினார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் எழுத்து ஓடியது. அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

கடைசி நாள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து, இந்தத் தனிமை தங்கள் எழுத்துக்கு என்ன செய்தது என்று ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேசினார்கள். ஒருவர் ஊற்றுக்கண் திறந்தது என்றார். இன்னொருவர் மறுபிறவி என்றார். என் முறை வந்தது. 'சாப்பாடு நன்றாக இருந்தது' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சின்ன அறை எனக்கு ஏன் கைகொடுத்தது என்பதை அந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வேன்? இங்கே எழுதுவதற்கே கை கூசுகிறது.

அறுபதுகளின் ஆரம்பத்தில் கல்யாணமாகிக் காரைக்குடிக்கு வந்தேன். அதற்கு முன்னால் சிவகங்கையில் அம்மா வீட்டில் இருக்கும்போது பத்திரிகைகளில் மூன்று கதைகள் வந்திருந்தன. பெண் பார்க்க வந்தபோது அதை ஒரு தகுதியாகக்கூடச் சொன்னார்கள். பாட்டுத் தெரியும், தையல் தெரியும், கதையும் எழுதும் என்று. வந்த பிறகு ஒரு வரி எழுதவில்லை. யாரும் எழுதாதே என்று சொல்லவில்லை. ஊரோரத்தில் வயலும் மாடும் உள்ள வீடு. விடிந்தால் சாணி அள்ளுவதிலிருந்து பொழுது சாய்ந்தால் மாவாட்டுவது வரைக்கும் வேலை. உட்கார்ந்தால் கண் சொக்கும். கொஞ்ச காலத்தில் எழுதவேண்டும் என்ற நினைப்பே அற்றுப்போனது. பழைய கதையை எடுத்துப் பார்த்தால், யாரோ ஒரு கெட்டிக்காரப் பெண் எழுதியது என்று பட்டது.

வீட்டில் நான், ஆபீஸ் உத்தியோகம் பார்த்த என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா, இவ்வளவுதான் ஆட்கள். மாமனார் காலமாகி ரொம்ப வருஷம். சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகிற சாமி பெட்டி எங்கள் வீட்டில்தான் இருந்தது. அதனால் தீட்டு விஷயத்தில் என் மாமியார் படு கறார். மாதாமாதம் நான் ஒதுங்க வேண்டிய நாள் வந்தால், கொல்லைப்புறத்தில் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய விறகு அறைக்குப் போய்விட வேண்டும். தனிப் பாய், தனித் தட்டு, தனிச் செம்பு. அத்தை வாசற்படியில் நின்று தட்டை வைத்துவிட்டு விலகுவார், நான் எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று நாள் கழித்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, பாயில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, தட்டையும் செம்பையும் புளி போட்டுத் தேய்த்த பிறகுதான் வீட்டுக்குள் காலை வைக்கலாம். தெருவில் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம், நான் கொல்லையில் உட்கார்ந்திருந்தால் எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியும். ஆரம்பத்தில் மானம் போகிற மாதிரி இருந்தது.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. அந்த மூன்று நாள் என்னை யாரும் எதற்கும் கூப்பிட முடியாது. மாவாட்ட முடியாது, பால் கறக்க முடியாது, வந்தவர்களுக்குக் காப்பி கலக்க முடியாது. முதல் நாள் தூங்குவேன். ரெண்டாம் நாள் சுவரைப் பார்ப்பேன், எறும்பைப் பார்ப்பேன். இப்படிச் சும்மா இருந்து இருந்து, ஒரு மாதம் மூன்றாம் நாள் மத்தியானம் மனசில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. எத்தனை வருஷத்துக்கு அப்புறம்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த மாதம் போகும்போது, வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து கொண்டுவந்திருந்த, ஒரு பக்கம் டைப் அடித்து வீணாய்ப்போன தாள்களையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு போனேன்.

அத்தை பார்த்துவிட்டு யோசனையில் ஆழ்ந்துவிட்டார். துணி என்றால் துவைக்கலாம். பாத்திரம் என்றால் தேய்க்கலாம்.

"பேப்பர எப்பிடித்தா கழுவுறது? கழுவுனா என்னத்துக்கு ஆகும்? எழுது, வேணாங்கல. ஆனா அது அங்குட்டே கெடக்கட்டும். சாமி இருக்குற வீட்டுக்குள்ள கொண்டாராத."

அப்படியே ஆனது. எழுதியதைச் சுருட்டி அந்த அறைக் கூரையில், ஓட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் சொருகி வைப்பேன். தலைக்கு ஊற்றிய பிறகு அதைத் தொட்டால் எனக்கு மறுபடி தீட்டு. அடுத்த மாதம் ஒதுங்குகிற வரைக்கும் அந்தப் பக்கம் கை நீட்ட முடியாது. முதலில் இது என்ன கூத்து என்று எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு பார்த்தால் அதுவே நல்லதாகிப் போனது. தொட முடியாத கதையை மாவாட்டும்போது நினைப்பேன், வயலுக்குச் சோறு கொண்டு போகும்போது நினைப்பேன். அடுத்த முறை கூரையிலிருந்து எடுக்கும்போது, எந்த வரி பொய் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். மேஜை நாற்காலி போட்டு எழுதிய காலத்தில்கூட எனக்கு அந்தக் கண் இருந்ததில்லை.

சொல்லக் கூசுகிறது என்றேனே, அது இதற்குப் பிறகுதான். எங்களுக்குக் குழந்தை இல்லை. நாலு வருஷமாகியும் இல்லை. ஒவ்வொரு மாதமும் நான் பாயைச் சுருட்டிக்கொண்டு கொல்லைக்குப் போகும்போது அத்தையின் முகம் செத்துப்போகும். வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை. வலையபட்டியில் வாக்கப்பட்டிருந்த நாத்தனார்தான் வந்து, தம்பிக்கு இன்னொரு பெண்ணைப் பார்த்தால் என்ன என்று என் காதில் விழுகிற மாதிரிக் கேட்டுவிட்டுப் போவார். இப்படி அந்த வீடே எந்த நாளைப் பார்த்துப் பயந்து கிடந்ததோ, அந்த நாள் எப்போது வரும் என்று நான் ஆசையாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். பாயைச் சுருட்டும்போது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ளப் பழகிக்கொண்டேன். என்ன ஜன்மம் நான் என்று எனக்கே அருவருப்பாக இருக்கும். அறைக்குள் போய்க் கையைக் கூரைக்கு நீட்டியதும் அது மறந்துவிடும்.

கதை என்னவென்றால், மலாயாவுக்குக் கப்பலேறிப் போன மகனுக்காகக் காத்திருக்கிற ஒரு தாயின் கதை. கடைசியில் மகன் செத்துப்போன சேதி வருகிறது. அந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. சேதி கேட்ட தாய் என்ன செய்வாள்? அழுவாள், மாரில் அடித்துக்கொள்வாள், மயங்கி விழுவாள். எல்லாவற்றையும் எழுதி எழுதி அடித்தேன். எல்லாம் நாடகக் கொட்டகை அழுகையாகவே இருந்தது. அடுத்த மாதம் வந்துவிடும் என்று நம்பிக்கையோடு சுருட்டி வைத்தேன்.

அடுத்த மாதம் எனக்கு நாள் தள்ளிப்போனது.

அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை. குடத்தைத் தொடவிடவில்லை. உரல் பக்கம் போனால் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். நாள் கூடக்கூட, மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று வலையபட்டிக்கு ஆள் விட்டுச் சொன்னார். குலசாமிக்குக் கிடாய் வெட்டுவதாக நேர்ந்துகொண்டார். வீட்டுக்காரர் ஆபீஸ் விட்டு வரும்போது தினமும் எதையாவது வாங்கி வந்தார். எனக்கும் சந்தோஷம்தான். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் சாணி தட்டக்கூட விடாமல் என்னைக் கூடத்தில் உட்காரவைத்த அந்த நாட்களில், வயிற்றில் இருப்பதை நினைக்க வேண்டிய நேரத்தில் நான் கூரையில் இருப்பதை நினைத்துக்கொண்டிருந்தேன். இனிமேல் ஒரு வருஷத்துக்கு அந்த அறைக்குப் போகமுடியாதே, கதை அங்கேயே கிடந்து எலி தின்னுமே என்று தவித்தேன். ஒருநாள் கொல்லைக் கதவில் நின்று அந்த அறையின் ஓட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்து, மசக்கைக்குக் காற்று நல்லது, நில்லு என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரெண்டாம் மாதம் முடிகிற சமயத்தில் கலைந்துவிட்டது. வலி ஆரம்பித்ததும் என்னை அந்த அறைக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். லேடி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பயப்படவேண்டாம், முதல் தடவை பலபேருக்கு இப்படி ஆகிறதுதான் என்று சொல்லிப் போனார். நான் பாயில் சுருண்டு கிடந்தேன். ஏங்கி ஏங்கி நான்தான் இதைக் கூப்பிட்டேனோ, சாமிக்கு நான் கேட்டதுதான் கேட்டுவிட்டதோ என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பைத்தியக்காரத்தனம் என்று புத்திக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ரெண்டாம் நாள் வலி குறைந்தது. குறைந்தவுடன் என் கை என்ன செய்தது தெரியுமா? கூரைக்குப் போனது. தாள்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நின்றுபோன இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அத்தை மோர் ஊற்றிய சோற்றுத் தட்டோடு வாசற்படிக்கு வந்தார்.

எப்போதும் தட்டை வைத்துவிட்டு உடனே விலகுகிறவர், அன்றைக்கு வைக்காமல் நின்றார். என்னைப் பார்த்ததும் அவருக்கு அடக்கமுடியவில்லை. சத்தம் வந்துவிடாமல் இருக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். இன்னொரு கையில் இருந்த தட்டு சாய்ந்து, மோர் விளிம்பு வழியாக இறங்கி, மணிக்கட்டில் ஓடி, முழங்கையிலிருந்து சொட்டியது. அவர் தட்டைக் கீழே வைக்கவுமில்லை, நிமிர்த்தவுமில்லை. அழுகை முடிகிற வரைக்கும் அது சொட்டிக்கொண்டே இருந்தது.

நான் எழுந்து போயிருக்கவேண்டும். தீட்டாவது ஒன்றாவது என்று அந்தக் கையைப் பிடித்திருக்கவேண்டும். நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். முந்தானை, விளிம்பு, மணிக்கட்டு, முழங்கை. ஒன்று விடாமல் எழுதினேன். இத்தனை மாதமாகத் தேடியது வாசற்படியில் வந்து நிற்கிறது, விட்டால் போய்விடும் என்ற பதற்றத்தைத் தவிர வேறு ஒன்றும் எனக்கு அந்த நிமிஷத்தில் இல்லை.

"நீ அழுகலையாத்தா?" என்று கேட்டார் அத்தை.

நான் பென்சிலை நிறுத்தாமல் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் மிச்சமிருந்த சோற்றை வைத்துவிட்டுப் போனார். அதை நான் சாப்பிடவும் செய்தேன்.

அந்தத் தடவை கூடுதலாகச் சில நாள் அங்கே இருக்கவேண்டியிருந்தது. தலைக்கு ஊற்றிக்கொண்ட அன்று, அத்தை செம்பில் மஞ்சள் தண்ணீரோடு வந்து பாயில் தெளித்தார், என் தலையில் தெளித்தார். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அவரே எட்டி அந்தச் சுருளை எடுத்தார். தரையில் விரித்து, ஒவ்வொரு தாளிலும் விரல் நுனியால் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். பாய்க்கு ஆகிற தண்ணீர் காகிதத்துக்கும் ஆகும் என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியதா, முன்பே தெரிந்திருந்ததா, எனக்குத் தெரியாது. பென்சில் எழுத்து கலையவில்லை. காய்ந்ததும் எடுத்துத் தன் மாரோடு வைத்துக்கொண்டார்.

"இதாச்சும் வீட்டுக்குள்ள வரட்டும்" என்றார்.

கொண்டுபோய்ச் சாமி பெட்டிக்குப் பக்கத்து மாடத்தில் வைத்தார். நான் அவர் பின்னாலேயே ஈரத்தலையோடு வந்தேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வந்தேனோ.

அப்புறம் ஒரு மத்தியானம், அத்தை முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மாடத்தில் இருக்கிற கதையை எடுத்து வாசித்துக் காட்டச் சொன்னார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். நான் வாசித்தேன். மகன் கப்பலேறுகிற இடத்தில் உச்சுக் கொட்டினார். தாய் தபால்காரனிடம் சண்டை போடுகிற இடத்தில் சிரித்தார். சேதி வருகிற இடம் வந்தது. தாளை மடக்கிவிட்டேன். முடிவு இன்னும் எழுதவில்லை அத்தை என்றேன்.

அவர் அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் சோத்தோட நின்னப்ப என்னமோ எழுதிக்கிட்டு இருந்தியே. அத வாசி."

தப்பிக்க வழியில்லை. தாளைப் பிரித்து வாசித்தேன். கதையில் தாய் தட்டில் ரசஞ்சோறு வைத்திருக்கிறாள். அடையாளம் தெரியாமல் இருக்க நான் செய்திருந்த மாற்றம் அது ஒன்றுதான். முந்தானையை வாயில் திணித்துக்கொள்கிறாள். ரசம் விளிம்பில் இறங்கி, மணிக்கட்டில் ஓடி, முழங்கையிலிருந்து சொட்டுகிறது. தட்டை வைக்கவுமில்லை, நிமிர்த்தவுமில்லை. முறத்தில் இருந்த கை நின்றுபோனது எனக்குத் தெரிந்தது. என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குத் தாழ்ந்துவிட்டது. எப்படியோ வாசித்து முடித்தேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அத்தை முறத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

"அன்னக்கி ரசமில்லத்தா. மோரு."

சொல்லிவிட்டு, கன்று அவிழ்த்துக்கொண்டு கத்துகிறது என்று எழுந்து கொல்லைக்குப் போனார். அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் அந்தக் கதையைப் பற்றி என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு ஒரு மகள் பிறந்ததும், நான் தொடர்ந்து எழுதியதும், கண்டனூர் வரைக்கும் என்னைக் கூப்பிட்டதும் எல்லாம் அப்புறம்தான்.

கதை பத்திரிகையில் வந்தபோது அந்த முடிவைத்தான் எல்லாரும் பாராட்டி எழுதினார்கள். அதில் மோர் என்றுதான் இருக்கிறது. அத்தை கன்றைப் பிடித்துக் கட்டிவிட்டு வருவதற்குள், ரசம் என்று இருந்த இடத்தையெல்லாம் பென்சிலால் அடித்து மோர் என்று எழுதிவிட்டேன். கை முழுக்க வழிவதற்கு மோர்தான் சரி, வெள்ளையாகத் தெரியும் என்றுகூட அப்போது நினைத்தேன்.